மேசைப் பக்கத்தில் சர்வர், காதுக்குள் ரீங்காரம்

கேள்வி: சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வயது 38. மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் டவர் சர்வரை (அலுவலகத்துக்கே பொதுவான, நிமிர்ந்து நிற்கும் பெட்டிக் கணினி) வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க 'உய்ங்' என்ற சத்தம். மாலையில் தலைவலி. வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் இரண்டு காதிலும் ரீங்காரம் கேட்கிறது. செவிடாகிவிடுவேனா டாக்டர்? காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தச் சத்தத்தால் செவிடாக மாட்டீர்கள். சிங்கப்பூரில் வேலையிடச் சத்தத்துக்கு 8 மணி நேர வரம்பு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும், அந்தச் சத்தத்தில் இருக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். டவர் சர்வரின் சத்தம் பெரும்பாலும் 60 டெசிபெல்லுக்குள்தான் இருக்கும்.

அதற்காக உங்கள் தலைவலி கற்பனை என்று சொல்லமாட்டேன். ஒரே சுருதியில் ஓடும் சத்தத்தை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்க்க மூளை கூடுதலாக உழைக்கிறது. கழுத்தும் தோளும் தெரியாமலே இறுகுகின்றன. "இதெல்லாம் ஒரு சத்தமா?" என்று முதலாளி கேட்டால், அவரை ஒரு நாள் உங்கள் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள்.

பஞ்சு வேண்டாம். அது சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தாலோ உள்ளே இருக்கும் ரீங்காரம்தான் இன்னும் பெரிதாகக் கேட்கும். இயர்போனில் பாட்டைக் கூட்டி வைத்து சர்வர் சத்தத்தை அமுக்கப் பார்ப்பது அதைவிட மோசம். காதுக்கு உண்மையான ஆபத்து அங்கேதான்.

மருந்து சர்வருக்குத்தான் கொடுக்க வேண்டும். விசிறியின் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். ஆக, விசிறி ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். முன்பக்க வலையை விரலால் தடவிப் பாருங்கள்; சாம்பல் நிறத்தில் தூசு ஒட்டினால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் சூடான காற்று வெளியேற வழியில்லை. உங்கள் கட்டடத்தில் மாலை ஆறு மணிக்கு ஏர்கானை நிறுத்திவிடுகிறார்களா? சர்வர் நிற்காதே, அறை சூடேற ஏற விசிறியும் வேகமெடுக்கும். ஓவர்டைம் நாள்களில் தலைவலி கூடுகிறதா என்று கவனியுங்கள். சர்வரைத் திறந்து சுத்தம் செய்வதையும், விசிறி அமைப்பைச் சரிபார்ப்பதையும் ஐடி ஆளிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம், மேசைமேல் உள்ளங்கையை வையுங்கள். அதிர்வு தெரிந்தால் சர்வர் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நகர்த்தி, அடியில் ரப்பர் பட்டை போடச் சொல்லுங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினாலே 6 டெசிபெல் வரை குறையலாம். சர்வரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் யோசனை மட்டும் வேண்டாம். வெந்துபோய் இன்னும் கத்தும்.

ரீங்காரத்துக்காகப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒருமுறை காதைக் காட்டுங்கள். காதழுக்கு, ரத்த அழுத்தம், தலைவலிக்குப் போடும் மாத்திரை என வேறு காரணங்களும் உண்டு. ஆஸ்பிரின் அதிகமானாலும் காது இரையும். ரீங்காரம் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றல் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். திடீரென ஒரு காது மந்தமானால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.