ஏஏடி லெவல் 3: இரண்டு முறையும் 64-இல் நின்றால்

வணக்கம். ஏஏடி, அதாவது பிரிட்டனின் கணக்கியல் தொழில்நுட்பர் சங்கம் நடத்தும் தேர்வில், நிதிக் கணக்குத் தாளில் இரண்டு தடவையும் 64 சதவீதம், வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்ச்சிக்கு 70 வேண்டும். அதற்காகப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்காதீர்கள், வீண் வேலை.

அறுபதுகளில் நிற்பவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம், பழைய வேனைக் கொடுத்துப் புது வேன் வாங்கும் கணக்கு. விலை 18,000 பவுண்டு, பழையதற்கு 4,000 கழிவு, வங்கியிலிருந்து 14,000 போகிறது. சொத்துக் கணக்கில் பற்று வைக்க வேண்டியது 18,000. அந்த 4,000 டிஸ்போசல் கணக்கில் (விற்ற சொத்தின் லாப நட்டம் பார்க்கும் கணக்கு) வரவு. 14,000-ஐ மட்டும் ஏற்றினால் தேய்மானமும் தப்பு, விற்ற வேனின் லாப நட்டமும் தப்பு. ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் மார்க் போகும்.

அடுத்தது மார்க்-அப், அதாவது அடக்கவிலையின் மேல் ஏற்றும் லாப சதவீதம். விற்பனை 50,000, மார்க்-அப் 25% என்றால் அடக்கவிலை 40,000. நேராகக் கால்வாசியைக் கழித்து 37,500 என்று எழுதுவது மார்ஜின் கணக்கு, அதாவது விற்பனை விலையில் லாபம் எத்தனை சதவீதம் என்பது.

வாரநாளில் ஒரே ஒரு கணக்கு, தாளில் டி-கணக்கு (இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு) போட்டு. ஞாயிறு காலையில் ஒரு முழு மாதிரித் தேர்வு, கணினியிலேயே, இரண்டரை மணி நேரம். தொடர்ந்து இரண்டு முறை 80 தாண்டியபின் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.