ஊசி குத்துவது அரை நிமிட வேலை

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில் பதினான்கு வருடமாகப் பாமசிஸ்ட்டாக இருக்கிறேன். கொவிட் காலத்தில் ஸ்காபரோவிலுள்ள என் சித்தி மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியிலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். இங்கே நாங்கள் மருந்து கொடுக்கலாம், ஊசி போட முடியாது. இனி ஒரு தொற்று வந்தால் யார் யாரைப் போட விடலாம்? டொக்டர் மட்டும்தான் என்று அண்ணா அடம்பிடிக்கிறார்.
– ஒரு வாசகர், கொழும்பு 6

பதில்: தம்பி, முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்துவிட்டுச் சொல்கிறேன், உங்கள் அண்ணா கோபித்தாலும் பரவாயில்லை. ஊசி குத்துவது அரை நிமிட வேலை. அதற்கு முந்திய இரண்டு நிமிடத்திலும் பிந்திய அரை மணித்தியாலத்திலும்தான் கெட்டித்தனம் தெரியும்.

2021இல் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு நிலையத்தில் உதவிக்கு நின்றேன். வரிசையில் வந்த ஓர் ஆச்சியிடம் சிங்களத்தில் நோய் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினார். "இரத்தம் இளக்கிற குளிசை ஏதும் குடிக்கிறீங்களா ஆச்சி?" என்று நான் தமிழில் கேட்டதும், முந்தானை முடிச்சை அவிழ்த்து வார்ஃபரினை எடுத்துக் காட்டினார். ஊசி போட்டோம்தான். ஆனால் மெல்லிய ஊசியாக எடுத்து, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தோம்.

என் கணவருக்குப் போட்டவர் முறையாகப் படித்த டொக்டர். தோள் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே இறங்க வேண்டிய ஊசி, மேலே மூட்டுப் பக்கம் போய்விட்டது. நாலு மாதம் மனிதருக்குச் சட்டை மாட்டிவிட நான் வேண்டும். எந்த நிலையத்தில் என்று எழுத மாட்டேன், விடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் இடம், தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிற குடும்பநல மாதுக்கு. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் நம்முடைய எம்.ஓ.எச். முறை, அதாவது பகுதிக்கொரு சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஏற்பாடு. வீடு வீடாக ஆட்களைத் தெரிந்தவர் அந்த மாதுதான். கைக்குழந்தையின் தொடையில் போட்டுப் பழகிய கைக்குப் பெரியவரின் புயம் ஒரு வேலையா?

அப்புறம் பல் டொக்டர். நாள் முழுக்கப் பல் முரசில் ஊசி போடுகிறவரை ஏன் மறந்துபோகிறோமோ! அமெரிக்காவில் 2021 மார்ச்சில் பல் வைத்தியர், மிட்வைஃப், அம்புலன்ஸ் ஊழியர் மட்டுமில்லை, மிருக வைத்தியருக்கும் கொவிட் தடுப்பூசி போட அனுமதி கொடுத்தார்கள். மாட்டு டொக்டரிடமா என்று என் கணவர் சிரித்தார். நெளிகிற நாய்க்குப் போடுகிறவருக்கு நீங்கள் எம்மாத்திரம் என்றேன். இங்கேயும் விஹாரமகாதேவி பூங்காவில் இராணுவத்தினர் இரவு பகலாக நிலையம் நடத்தினார்களே.

சரி, அந்த அரை மணித்தியாலம். ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை கதிரையிலிருந்து சரிந்தாள். ஒவ்வாமை, ஒவ்வாமை என்று சுற்றிநின்றவர்கள் கத்தினார்கள். நாடி மெதுவாக ஓடியது, முகம் வெளிறிக் குளிர்ந்திருந்தது. தடிப்பில்லை, மூச்சும் சீர். வெறும் மயக்கம். கிடத்திக் காலை உயர்த்தினோம், கொஞ்ச நேரத்தில் எழும்பிப் பிளேன்ரீ கேட்டாள். உண்மையான ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் நாடி பறக்கும், தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும். அப்போது பெரியவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று செறிவுள்ள அட்ரினலின் அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே போட வேண்டும். டொக்டரைத் தேடி ஆள் அனுப்ப நேரமிருக்காது. அவரை இதற்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புயத்துக்கும் அவரையே குனிய வைத்தால் வார்டை யார் பார்ப்பது?

உங்களுக்கும் என் வாக்கு உண்டு தம்பி, பயிற்சியும் சட்ட அனுமதியும் கிடைத்தால். எந்தக் குளிசையோடு எது சேராது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடை ஃபிரிஜ்ஜில், தடுப்பூசிக்கு வேண்டிய 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் நிற்கிறதா? காலையும் மாலையும் யாராவது பார்த்து எழுதுகிறார்களா, இல்லை அதற்குள் முதலாளியின் தயிர்ச்சட்டி இருக்கிறதா? வெள்ளவத்தைக் கடைகள் எனக்குத் தெரியும், கவுண்டரிலிருந்து நாலு எட்டு வைத்தால் றோட்டு. மயங்கியவரைக் காலி வீதியிலா கிடத்துவது? ஒரு கட்டில் போட இடம் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.