ஸ்டெம் செல் ஊசிக்கு முன் ஒரு கைத்தடி வாங்குங்கள்

அம்மாவுக்கு 63 வயது, வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் என்றாலே பயப்படுகிறார், ஸ்டெம் செல் ஊசி (மூலச் செல்களை மூட்டுக்குள் செலுத்துவது) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டிவிடாதீர்கள். அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் இடுப்புக்கு ஸ்டெம் செல், பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்கள்), மூட்டை வழவழப்பாக்கப் போடும் ஹயலூரானிக் அமில ஊசி மூன்றுமே வேண்டாம் என்கிறது. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் மாத்திரைக்கும் அதே பதில்தான்.

முதலில் ஒரு கைத்தடி வாங்குங்கள். வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை வைக்கும்போதே தடியும் முன்னால் போக வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு, பயனில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில்.

அடுத்தது பிசியோதெரபி. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வலது காலை மெதுவாகத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது போன்றவற்றைச் சொல்லித்தருவார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். எடை கூடுதலென்றால் குறைப்பதும் உதவும். தரையில் சம்மணம், இந்தியன் டாய்லெட் இரண்டையும் தவிர்க்கலாம்.

வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். பிபி, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் ஆபத்து. ஸ்கேன் பார்த்துப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வலியைத் தணிக்கும். ஆனால் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று அபாயம் கூடும். இத்தனைக்குப் பிறகும் இரவில் வலியால் தூக்கம் கெட்டால் எலும்பு மருத்துவரிடம் ஆபரேஷன் பற்றி மறுபடி பேசுங்கள்.