வாசகர் கேள்வி: கொடி, குண்டு, குழு

கேள்வி: காஷ்மீரில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் அடுக்குமாடிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சண்டை ஓயவே இல்லை. 'இந்தியாவுக்காகக் குரல் கொடுக்காதவன் தமிழனா?' என்கிறார் ஒருவர். மாடத்தில் மூவர்ணக் கொடி கட்டுவோம் என்கிறார் இன்னொருவர். கட்டலாமா?
- வாசகர், செந்தூல்

பதில்: கட்டாதீர்கள். வெளிநாட்டுக் கொடிகளையும் சின்னங்களையும் பொதுவிலும் பள்ளிகளிலும் காட்சிக்கு வைப்பதைக் கட்டுப்படுத்த 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. தூதரகங்களுக்கும் முறையாக அனுமதி பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. மாடத்தில் தொங்கும் கொடி கீழே நடந்துபோகிறவர் கண்ணில் படும். 'என் வீடு, என் இஷ்டம்' என்று வாதாடுவதில் பயன் இல்லை.

துக்கப்படுவதற்கு எந்தத் தடையும் இல்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே ஒரு புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மதத்தைக் கேட்டுவிட்டுச் சுட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். செத்தவர்களில் ஒருவர் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் செல்லும் காஷ்மீர் முஸ்லிம் தொழிலாளி. சுட்டவர்களைத் தடுக்கப் போய் உயிரை விட்டவர். இந்துவையும் முஸ்லிமையும் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் துப்பாக்கி ஏந்தியவர்களின் கணக்கு. அதை நாம் செந்தூலில் உட்கார்ந்து ஏன் முடித்துக் கொடுக்க வேண்டும்?

குழுவை அடக்க ஒரு வழி: செய்தி அனுப்பும் உரிமையை ஓர் இரவுக்கு மட்டும் நடத்துநர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தண்ணீர்த் தடை, லிஃப்ட் பழுது, கார் நிறுத்துமிடம் என்று வழக்கமான விஷயத்தோடு திறந்து விடுங்கள். சத்தம் போடுகிறவரை மட்டும் தூக்கி வெளியே போட்டால் அவர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு குழு தொடங்குவார். அங்கே அவருக்கு எதிர்ப்பேச்சே இருக்காது.

கேள்வி: போர்க் காணொளிகள் உண்மையா என்று கைப்பேசியிலேயே கண்டுபிடிக்க முடியுமா? தேடிப் பார்த்தால் எதுவும் வருவதில்லை.
- வாசகி, பாயான் பாரு

பதில்: முடியும். நீங்கள் தேடும் படத்தில்தான் கோளாறு இருக்கும். காணொளியின் முதல் நொடியில் பெரும்பாலும் யாராவது எழுத்தை ஒட்டியிருப்பார்கள். அதைப் படம் பிடித்துத் தேடினால் தேடுபொறி குழம்பிப்போகும். எழுத்து இல்லாத, ஆட்டம் குறைந்த மூன்று நான்கு இடங்களில் நிறுத்தித் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுங்கள். ஓரங்களை வெட்டிவிட்டு, கட்டடமோ பெயர்ப்பலகையோ மட்டும் தெரியும்படி கூகள் லென்ஸில் போடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். பழைய காணொளியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுத் தேடலை ஏமாற்றுகிறார்கள். கடையின் எழுத்து எந்த மொழி, வண்டி சாலையின் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஆட்கள் குளிர்ச்சட்டை போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நம்மைப்போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். வண்டிகள் வலப்பக்கம் ஓடினால், காணொளி வேறு நாட்டுடையதாக இருக்கலாம், அல்லது திருப்பிப் போடப்பட்டதாக இருக்கலாம்.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது 'அர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகளே விமானத் தாக்குதல் என்று சுற்றின. விளையாட்டுக் காட்சியில் கேமரா அளவுக்கு மீறி நிதானமாக விமானத்தைத் தொடரும். படம் எடுப்பவர் மூச்சுகூட வாங்க மாட்டார். உள்ளூர் வதந்தி என்றால் அரசாங்கத்தின் 'செபெனார்ன்யா' தளத்தில் தேடலாம். இதெல்லாம் எதற்கு என்கிறவர்களுக்கு: தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இருக்கிறது. பொய் என்று தெரிந்தே பிறருக்குத் தொல்லை தரும் நோக்கத்தோடு அனுப்பினால், 'மாமா அனுப்பினார், நான் தள்ளிவிட்டேன்' என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் தேசிய மாதத்துக்குக் கொடி வாங்கும் பொறுப்பு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு வந்திருக்கிறது. தவறான கொடி பற்றிச் செய்திகள் வருவதால் பயமாக இருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- சங்கப் பொருளாளர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பெட்டியோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கடையிலேயே ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். கோடுகள் 14, உச்சியில் சிவப்பு, அடியில் வெள்ளை. நீலக் கட்டம் மேலிருந்து எட்டுக் கோடுகளின் உயரம் இறங்கும், அதை ஒட்டி அடியில் ஓடுவது சிவப்புக் கோடு. அங்கே வெள்ளை தெரிந்தால் அச்சுப் பிழை. மஞ்சள் பிறை இருக்க வேண்டும், அதன் வாய் நட்சத்திரத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு 14 முனைகள். விரல் வைத்து எண்ணுங்கள். மூன்றடி உயரம் என்றால் நீளம் ஆறடி. நாலரை அடியில் விற்பது மலிவு, அளவு தப்பு.

பிழை பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கிய படத்தில் பிறக்கிறது. 1963 செப்டம்பர் 16-க்கு முன்பு மலாயாக் கூட்டரசின் கொடியில் 11 கோடும் 11 முனையும்தான். அந்தப் பழைய படம் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் வரையச் சொன்னால் முனைகளின் எண்ணிக்கையைத் தன் இஷ்டத்துக்குப் போட்டுத் தரும். பதாகையும் நிகழ்ச்சி நிரலும் அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். ஒருவர் எண்ணி மற்றவர் தலையாட்டினால் அது சரிபார்ப்பு ஆகாது.

தலைகீழாக ஏறுவது கயிற்றில் நடக்கும் தவறு. கம்பத்தை ஒட்டிய தையல் பட்டையில், நீலக் கட்டத்தின் பக்கம் உள்ள வளையத்தில் நீல நூல் ஒன்றைச் சுற்றி வைத்தால் விடியற்கால இருட்டிலும் கை தப்பாது. இரண்டு கொடிகள் என்றால் எதிரே நிற்பவருக்கு இடப்பக்கம் தேசியக்கொடி, வலப்பக்கம் பினாங்குக் கொடி. அரைக்கம்பம் அரசு அறிவித்தால் மட்டுமே. அப்போதும் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போது மறுபடியும் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டு இறக்குங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: குண்டு, போர் என்றாலே வெளிநாட்டைப் பற்றிப் பேசுகிறோம். நம் ஊரில் குண்டு விழுந்து, எல்லா இனத்தாரும் சேர்ந்து நின்றது உண்டா?
- வாசகர், ஜெலுத்தோங்

பதில்: உங்கள் பினாங்குத் தீவிலேயே உண்டு. பாடப்புத்தகத்தில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு போட்டன. விமானத்தை வேடிக்கை பார்க்க மக்கள் தெருவில் கூடி நின்றதால் சாவு கூடிப்போனது. நகரைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கி இல்லை. சில நாளில், 16-ஆம் தேதி இரவு, ஆங்கிலேயர்கள் ஐரோப்பியர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு உள்ளூர் மக்களுக்குச் சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள்.

காவல் இல்லை, நிர்வாகம் இல்லை, தெருவில் பிணங்கள், கடைகளில் கொள்ளை. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த எம். சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர் முன்வந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை குண்டு விழும் என்பதால் அதை இறக்கவைத்து, நகரில் படை இல்லை என்று வானொலியில் அறிவிக்கச் செய்தார். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் எனப் பல சமூகத்தாரையும் வைத்து ஒரு சேவைக்குழு அமைந்தது. ஜப்பானியர் 19-ஆம் தேதி நுழையும்வரை காவலும் உணவும் அந்தக் குழுவின் பொறுப்பில் இருந்தன.

நான் இதில் கவனிப்பது ஒன்றுதான். வெவ்வேறு சமூகத்தார் ஓர் இரவில் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால், ஒருவரை ஒருவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். யார் அரிசிக் கிட்டங்கி வைத்திருக்கிறார், யாரிடம் லாரி இருக்கிறது, எந்தச் சங்கத்தில் இளைஞர்கள் அதிகம் என்பதைப் பிணம் விழுந்த பிறகு விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. இன்று உங்கள் குடியிருப்பில் கோயில் தலைவரின் எண் பள்ளிவாசல் செயலாளரிடமும், அவருடையது சீனக் கோயில் பொறுப்பாளரிடமும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வந்த ஜப்பானியர் ஆளுக்கொரு நீதி வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சீனர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏமாற்றியும் பிடித்தும் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பினார்கள். சரவணமுத்துவும் சிறை பார்த்தார்.

கேள்வி: கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்துக்கே குண்டு வைத்தார்களாமே, நிஜமா?
- மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நிஜம். 1966-இல் திறக்கப்பட்ட தூகு நெகாராவைக் கம்யூனிஸ்டுகள் 1975 ஆகஸ்ட்டில் வெடிவைத்துச் சிதைத்தார்கள். பிறகு செப்பனிட்டார்கள். நீங்கள் பார்க்கும் ஏழு உருவங்கள் அப்படி மீண்டவைதான்.

கேள்வி: நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். எங்கேயாவது குண்டு வெடித்தால் வகுப்பில் என் மகனைத் 'தீவிரவாதி' என்று கூப்பிடுகிறார்கள். விளையாட்டுக்குத்தான் என்கிறார்கள். பெரிதாக்கலாமா?
- தாய், ஜார்ஜ்டவுன்

பதில்: பெரிதாக்கத் தயங்காதீர்கள், ஆனால் படிப்படியாக. யார், எந்த நாள், எந்தப் பாட வேளை, என்ன சொன்னார்கள் என்று மகன் சொல்வதை அன்றே எழுதி வையுங்கள். முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் ஒழுங்கு ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சாகப் போனால் 'எங்களுக்குத் தெரியாதே' என்று முடிந்துவிடும். கேலி செய்த பையனின் வீட்டுக்கு நேரே போய் நிற்க வேண்டாம். அங்கே பிள்ளைகளின் சண்டை பெற்றோர் சண்டையாகி, பிறகு இனச் சண்டையாக எழுதப்படும்.

மகனுக்குப் பதில் வேண்டுமென்றால் சவுக் சம்பவத்தைச் சொல்லிக்கொடுங்கள். 2000 ஜூலையில் அல்-மவுனா என்ற இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பல் பேராக்கில் ராணுவ ஆயுதங்களைக் கொள்ளையடித்து, பிணைபிடித்தவர்களோடு காட்டில் பதுங்கியது. பிணைபிடிக்கப்பட்டவர்களில் கொல்லப்பட்ட இருவர், சகாதேவன் என்ற தமிழ்க் காவலரும் மேத்யூ என்ற சரவாக் இபான் படைவீரரும். அந்தக் கும்பலைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைத்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி ஒரு மலாய் முஸ்லிம்.