ஸ்டிக்கர் பேசுவது பில் போடுபவரிடம்: பழ லேபிள் கேள்வி-பதில்

பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பற்றித்தான் இந்த முறை அதிகக் கேள்விகள். பாதிக்கு மேல் ஒரே வாட்ஸ்அப் ஃபார்வர்டின் புண்ணியத்தில் வந்தவை. அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

கே: எண் 9-ல் தொடங்கினால் ஆர்கானிக், 8 என்றால் மரபணு மாற்றியது, 4 என்றால் ரசாயனம் அடித்தது என்று குடும்ப குரூப்பில் வந்தது. உண்மையா?

ப: மூன்றில் ஒன்று சரி. அந்த எண்ணுக்கு பி.எல்.யூ. (விலை தேடும் எண்) என்று பெயர். பில் போடுபவர் பழத்தைப் பார்த்து ரகத்தை யூகிக்க வேண்டியதில்லை, எண்ணைத் தட்டினால் போதும் என்பதற்காக 1990-ல் புழக்கத்துக்கு வந்தது. சாதாரண மஞ்சள் வாழைப்பழத்துக்கு 4011. அதன் முன்னால் 9 சேர்ந்து 94011 என்று ஐந்து இலக்கமாக இருந்தால் ஆர்கானிக்.

8 கதை வேறு. மரபணு மாற்றிய பழங்களுக்கென்று அதை ஒதுக்கி வைத்தார்கள். கடைகளில் அது புழங்கவே இல்லை. நான்கு இலக்க எண்கள் தீர்ந்துகொண்டே வந்ததால், அந்த வரிசையைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். 4-ல் தொடங்கும் எண் ‘வழக்கமான முறையில் விளைந்தது’ என்பதோடு நின்றுவிடும். எவ்வளவு மருந்து அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்பதெல்லாம் அதில் கிடையாது.

கே: ஒரே கடையில் ஃபூஜி ஆப்பிள் ஒன்றில் 4129, இன்னொன்றில் 4131. எது உசத்தி?

ப: உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. 4129 சிறியது, 4131 பெரியது. அவ்வளவுதான்.

அளவு பற்றி இன்னொன்று. ஆப்பிள் பெட்டியின் மேல் 88, 138 என்று எண் போட்டிருந்தால் அது பெட்டிக்குள் இருக்கும் பழங்களின் எண்ணிக்கை. வழக்கமான 18 கிலோ பெட்டியில் 88 என்றால் பழம் ஒன்று ஏறக்குறைய 200 கிராம். 138 என்றால் 130 கிராம். எண் ஏற ஏறப் பழம் சிறுக்கும். பெரிய எண்ணைப் பார்த்துப் பெரிய பழம் என்று நினைத்து நானே ஒருமுறை பெட்டியோடு தூக்கி வந்திருக்கிறேன்.

கே: ஸ்டிக்கரே இல்லாத பழத்தை வாங்கலாமா?

ப: தாராளமாக. பி.எல்.யூ. ஒட்டுவது வியாபாரிகள் விருப்பப்பட்டுச் செய்துகொள்ளும் ஏற்பாடு.

கே: பார்கோடின் முதல் மூன்று எண்களை வைத்துப் பழம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாமாமே?

ப: முடியாது. அந்த எண்ணை நிறுவனத்துக்கு எந்த நாட்டு அமைப்பு கொடுத்தது என்பதை மட்டுமே அது சொல்லும். வெளிநாட்டுப் பழத்தை வாங்கி உள்ளூரில் பேக் செய்யும் நிறுவனம் உள்ளூர் பார்கோடையே ஒட்டலாம். ‘விளைந்த நாடு’ என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஆப்பிளைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு வருகிறது. வீடியோக்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ப: மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த ஆப்பிளைச் சுரண்டினாலும் மெழுகு வரும். ஈரம் வற்றாமல் இருக்க ஆப்பிள் தானே பூசிக்கொள்ளும் பூச்சு அது. பறித்தபின் கழுவும்போது அதில் கொஞ்சம் போய்விடுவதால், பல இடங்களில் மேலே மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள். அதற்குப் பயன்படும் கார்னௌபா என்பது ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. லேபிளில் இ903 என்ற உணவுச் சேர்க்கை எண்ணாக இருக்கும். இ904 என்றால் ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. அரக்குப் பூச்சியிடமிருந்து வருவதால், கறாரான சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இரண்டும் உணவில் அனுமதிக்கப்பட்டவை.

நான் கவலைப்படுவது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைப் பற்றி. பூஞ்சை பிடிக்காமல் இருக்க இமாசலில், தயாபெண்டசோல் போன்ற மருந்துகளை மெழுகோடு சேர்த்தே தோலில் பூசுவதுண்டு. சாறு மட்டும் பிழிகிறீர்கள் என்றால் கழுவினால் போதும். தோலைத் துருவிச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ‘மெழுகு பூசாதது’ என்று எழுதியதைத் தேடி வாங்குங்கள்.

கே: பேக் செய்த தேதி நேற்று. ஆனால் ஆப்பிள் மாவு மாதிரி இருந்தது. ஏமாற்றுகிறார்களா?

ப: தேதி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பேக் செய்த நாள் வேறு, பறித்த நாள் வேறு. ஆக்சிஜன் 1 முதல் 3 சதவீதம் மட்டுமே இருக்கும்படி குறைத்து வைத்த குளிர் அறையில் ஆப்பிளின் மூச்சு மந்தமாகிவிடும். சில ரகங்கள் பத்து மாதம் வரைகூடத் தாங்கும். வெளியே எடுத்தபின் பழையபடி மூச்சு வேகம் பிடிக்கும், பழம் மாவாகத் தொடங்கும். விரலால் சுண்டிப் பாருங்கள்: கணீர் என்றால் வாங்கலாம், மொத்தென்று கேட்டால் வேண்டாம்.

கே: குழந்தை ஸ்டிக்கரோடு பழத்தைக் கடித்து விழுங்கிவிட்டது!

ப: இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இல்லையென்றால் அது தானாக வெளியே வந்துவிடும். உணவில் படலாம் என்பதைக் கணக்கில் கொண்டே பசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் அது தின்பண்டம் அல்ல.

கே: தோலோடு ஸ்டிக்கரையும் உரக்குழியில் போடலாமா?

ப: வேண்டாம். பெரும்பாலானவை பிளாஸ்டிக். வீட்டு உரக்குழியில் மக்காத ஸ்டிக்கர்களைப் பழத்தில் ஒட்டவே கூடாது என்று பிரான்ஸில் 2022-ல் ஒரு தடை அமலுக்கு வந்தது. என் வீட்டு உரம் போன மாதம் தேயிலைத் தூள் மாதிரி உதிரியாக வந்தது. சலித்தபோது சல்லடையில் நின்றது ஒரே ஒரு ஸ்டிக்கர், 4011 என்ற எண்கூட அழியாமல்.