வாசகர் கேள்வி பதில்: மாலைப் படமும் மாதிரி காசோலையும்

கேள்வி: அண்ணே, தேர்தல் வந்துவிட்டால் நம் மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் மாலை போட்டுக்கொண்ட வேட்பாளர் படங்கள்தான். நாங்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபின் வீடில்லாமல் நிற்கும் எங்கள் கதைக்கு நாலு வரி கிடைத்தால் பெரிது. தேர்தல் செய்தியை எப்படித்தான் எழுத வேண்டும்?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, இதைக் கேட்க உங்கள் ஊருக்குத்தான் முழு உரிமை. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் நின்று ஜெயித்த ஊர். 1974 முதல் 2008 வரை, பின்னாளில் அதே கட்சிக்குத் தலைவரான சாமிவேலுவின் தொகுதி. பகுதிநேர நிருபராக நானும் அங்கே சுற்றியவன். 2008 மார்ச் 8-ஆம் தேதி எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்குகளில் சாமிவேலு தோற்றபோது, மாலைப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு அது அவ்வளவு பெரிய அதிர்ச்சி இல்லை.

ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கதவளவு அட்டையில் மாதிரி காசோலை. தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், வேட்பாளர் மூவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தேதி போடும் இடம் காலியாக இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் அட்டை வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் முதல் பக்கத்தில் படம். எந்த அமைச்சின் ஒதுக்கீடு, கையெழுத்தாகிவிட்டதா, பள்ளிக் கணக்கில் எப்போது ஏறும்? செய்தியில் இதில் ஒன்றுக்கும் விடை இல்லை. நிருபரின் வேலையே இந்தக் கேள்விகள்தான்.

வீட்டுப் பிரச்சினைக்கும் இதேதான். 2024 மே மாதம் சிலாங்கூர் மாநிலத்தின் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலில், அந்த வட்டாரத்து ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கு வீடு கிடைக்காதது பெரிய பேச்சானது. கால் நூற்றாண்டாக இழுக்கும் விவகாரம் அது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு பத்திரிகை தனிக் கோப்பே வைத்திருக்க வேண்டும். போன தேர்தலில் யார் என்ன சொன்னார், நிலம் யார் பெயரில் இருக்கிறது, கிராண்ட் (நிலப்பட்டா) வந்ததா, பணம் ஒதுக்கியாகிவிட்டதா என்று எழுதி வைத்து, வேட்பாளர் வாயைத் திறக்கும்போது அதை எடுத்து நீட்ட வேண்டும். ஜெயித்து ஆறு மாதம் கழித்து அதே வாசலுக்குத் திரும்பவும் போக வேண்டும். கட்சிக்காரர் காரில் ஏறிப்போய், அவர் வாங்கித் தந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது. நிருபரின் பெட்ரோல் காசைப் பத்திரிகைதான் தர வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

அப்புறம் செலவுக் கணக்கு. 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டப்படி நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 லட்சம் ரிங்கிட், சட்டமன்ற வேட்பாளருக்கு 1 லட்சம் ரிங்கிட் என்று வரம்பு உண்டு. முடிவு வந்தபின் கணக்கும் காட்ட வேண்டும். ஊரெல்லாம் கொடி கட்டியவர் காட்டிய கணக்கு என்ன என்பதும் செய்திதானே!

கேள்வி: செராமாவுக்கு, அதாவது தேர்தல் பேச்சுக் கூட்டத்துக்கு, நிறையப் பேர் வந்தால் "வெற்றி உறுதி" என்று எழுதலாமா?
- வாசகர், கோலகங்சார்

பதில்: கூடாது. தோட்டப்புற ஊர்களில் ஓட்டுள்ள பிள்ளைகள் பல பேர் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஓட்டுப் போட மட்டும் பஸ் ஏறி வருவார்கள். செராமாவில் அவர்களை எங்கே பார்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. பத்திரிகையே தொடுவதில்லை, டிக்டோக்கும் வாட்சாப்பும்தான். தேர்தலுக்கு முந்தின இரவு வரும் குரல் பதிவுகளை நம்புகிறான். என்ன செய்ய?
- தாயார் ஒருவர், தெலுக் இந்தான்

பதில்: 18 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட பொதுத் தேர்தல் 2022-இல் நடந்தது. நம் செய்தியாளர்கள் இன்னும் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது என் வருத்தம். ஒரு நிமிடக் குரல் பதிவைப் பொய் என்று காட்ட, நல்ல தமிழில் ஒரு நிமிடக் குரல் பதிவுதான் வேண்டும், அதே வாட்சாப்பில். ஓட்டுப்பதிவுக்கு முந்தின இரவு 11.59-க்குப் பிரசாரம் முடிகிறது. அந்த நேரத்தில் வரும் குற்றச்சாட்டை, சம்பந்தப்பட்டவரிடம் பேசாமல் எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது. மகனிடமும் அதையே கேட்கச் சொல்லுங்கள்: பேசுவது யார், எந்த ஊர், எதிர்த்தரப்பு என்ன சொன்னது? பெயரே இல்லாமல் வந்த பதிவு என்றால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடச் சொல்லுங்கள்.