புள்ளி சுழல்வது எப்படித் தெரியும்?

அன்புள்ள ஐயா,

கார்த்திகைக் கொத்தில் பிளையோனி என்ற நட்சத்திரம் நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதாக எழுதியிருந்தீர்கள். தொலைநோக்கியிலும் அது வெறும் புள்ளிதானே, எதை வைத்துச் சொல்கிறார்கள்? நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில் தெரியும் கருங்கோடு தடித்திருந்தால் வேகமாகச் சுழல்கிறது என்று படித்தேன். வேகா நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் கோடுகள் அவ்வளவு தடிமனாக இருக்கின்றனவே, அதுவும் பம்பரம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புள்ளிதான். ஆனால் நட்சத்திரத்தின் இரண்டு ஓரங்களின் ஒளியும் அந்தப் புள்ளிக்குள் கலந்தே வருகிறது. சுழலும்போது ஓர் ஓரம் நம்மை நோக்கி வரும், மறு ஓரம் விலகிப் போகும். நெருங்கி வருவதன் கோடு நிறமாலையில் நீலப் பக்கம் நகரும், விலகுவதன் கோடு சிவப்புப் பக்கம் நகரும். 4481 ஆங்ஸ்ட்ராமில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) மெக்னீசியக் கோடு ஒன்று உண்டு. சுழலாத நட்சத்திரத்தில் அது பிளேடால் கீறியதுபோல விழும். 200 கிலோமீட்டர் வேகம் என்றால் ஓர் ஓரத்தின் கோடு 3 ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கமும் மறு ஓரத்தினுடையது 3 ஆங்ஸ்ட்ராம் சிவப்புப் பக்கமும் தள்ளிப்போய், நடுப்பகுதிகளின் ஒளி இடையை நிரப்ப, மொத்தமும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆழமில்லாமல் பரந்துவிடும்.

வேகாவும் பம்பரம்தான், ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தால் அல்ல! ஹைட்ரஜன் கோடு தடிப்பது சுற்றியிருக்கும் மின்துகள்களின் நெருக்கடியால். வேகாவின் உலோகக் கோடுகளோ மெலிசு, 20 கிலோமீட்டர் சொச்சம்தான் காட்டும். உண்மையில் அதன் நடுக்கோட்டில் வேகம் சுமார் 200. துருவத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பதால் தெரிவதில்லை.

ஆகவே தனி நட்சத்திரத்தின் கோடு சொல்வது குறைந்தபட்ச வேகம் மட்டுமே. கொத்தைப் பிடிப்பது அதனால்தான். அச்சுகள் எல்லாத் திசையிலும் சிதறியிருப்பதாக எடுத்துக்கொண்டால், அளந்த சராசரியை 1.27 ஆல் பெருக்கினால் உண்மைச் சராசரி வந்துவிடும். அப்புறம், எல்லாம் ஒரே வயது. 1972-இல் ஸ்குமானிச் என்ற வானியலாளர் கார்த்திகை, ரோகிணி தெரியும் பக்கம் உள்ள ஹையடீஸ் கொத்து, சூரியன் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்து, வேகம் வயதின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது என்றார். (ரோகிணி அந்தத் திசையில் தெரிகிறதே தவிர, கொத்தைச் சேர்ந்ததல்ல.) கணக்கு போட்டுப் பாருங்கள்: கார்த்திகைக்கு வயது சுமார் 12.5 கோடி ஆண்டு, சூரியனுக்கு 460 கோடி. கிட்டத்தட்ட 37 மடங்கு, வர்க்கமூலம் 6. சூரியன் இப்போது 2 கிலோமீட்டர், அப்படியானால் அந்த வயதில் 12. கார்த்திகையில் சூரியனை ஒத்த பல நட்சத்திரங்கள் இதை ஒட்டியேதான் சுழல்கின்றன, சற்றுச் சிறியவற்றில் சில 50-ஐயும் தாண்டி அடம்பிடிக்கின்றன.

வேகம் குறையக் காரணம், காந்தப்புலத்தோடு பிணைந்து வெளியேறும் நட்சத்திரக் காற்று சுழற்சியையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போவது. அந்தக் காந்தப்புலம் உருவாக, மேலடுக்கு கொதிக்கும் உலைநீர் மாதிரி புரண்டுகொண்டிருக்க வேண்டும். பிளையோனி போன்ற சூடான நட்சத்திரத்தில் அப்படிப்பட்ட அடுக்கு இல்லை, அதனால் இந்த பிரேக்கும் இல்லை.